மறையூர் ஏற்றத்தில் பழைய மாருதி 800 முக்குவது குறித்த ஆய்வுக்கு ஒரு முன்னுரை

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒன்பதாறு செக்போஸ்ட், சின்னார் வழியாக மறையூருக்கு ஏறும் பழைய கார்கள் வழியில் திணறுவதை ஊரே பார்த்திருக்கிறது. ஆயினும் இதுபற்றி முறையான ஆய்வு எதுவும் வெளிவரவில்லை. யாரும் ஆராயாத பொருள் என்பதே ஒரு பொருளை ஆராயப் போதுமான காரணம் எனப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்டிருப்பதால், இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஆய்வு எல்லை: 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த மாருதி 800. 2000-ஐ ஒட்டி வந்த எம்பிஎஃப்ஐ வண்டிகளில் பெட்ரோலின் அளவைக் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. கருத்து வேறுபாட்டுக்கு இடம் தராத அவ்வண்டிகள் ஆய்வுத் தகுதியற்றவை என ஒதுக்கப்பட்டன.

மூலபாடம் உரிமையாளரின் வாய்மொழி: “ஏத்தத்துல மிதிச்சா முக்குதுங்க, பிக்கப்பே இல்ல.” பிக்கப் என்னுமிடத்தில் ‘வலிவு’ என்பது மலையாளப் பாடம். சோக்கைப் பாதி இழுத்தால் வண்டி கொஞ்சம் தெம்பாக ஏறுகிறது என்ற ஒரு வரியும் இதில் உண்டு. அதை இடைச்செருகல் என்று கருதி உரைகாரர் அனைவரும் விட்டுவிட்டனர்.

உரைகாரர் மூவகையர். பிளக் மரபினர் எதற்கும் பிளக்கை மாற்றச் சொல்வர். கலப்பட மரபினர் பெட்ரோல் பங்க்கைத் திட்டுவர். ஆதாரம் காட்டுவதில்லை என்பதால் இவர்களை மறுக்கவும் வழியில்லை.

மூன்றாமவர் மலைக்காற்று மரபினர். இவர்களுக்கே இக்கட்டுரை கடன்பட்டிருக்கிறது. மறையூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிவு. காற்று மெலிந்தால் எஞ்சினும் ‘லீன்’ ஆகும் என்பது இவர்கள் துணிபு (காண்க: டீக்கடை பெஞ்ச், இடது கோடி).

துணிபு அழகானது, ஆனால் தலைகீழானது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் கணக்கில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால்தான் லீன். மலையிலோ குறைவது காற்று. 1000 மீட்டரில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. பெட்ரோலை அதே விகிதத்தில் குறைக்க அதற்கு வராது. எனவே மேலே போகப் போக மிக்சர் ‘ரிச்’ ஆகும், பிளக் கரி பிடிக்கும். பவர் குறைவது உண்மை. லீன் என்பது பொய். மூணாறு உயரத்துக்கு ஏற்றபடி, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சிறிதாக்கிய வண்டி உடுமலைக்கு இறங்கினால்தான் லீன் ஆகும்.

இதைக் கேட்ட மலைக்காற்று மரபினர் கொள்கையை விடவில்லை. உயரத்தை விட்டுவிட்டு மழையைப் பிடித்தனர். மறையூர் மழைமறைவுப் பகுதி, காற்று வறண்டது, அதனால் லீன் என்றனர் (மேற்படி பெஞ்ச், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை). வறண்ட காற்று ஈரக்காற்றைவிடச் சற்றே கனம் என்பதால் இவ்வாதத்தில் கடுகளவு உண்மை இருக்கிறது. ஆய்வுலகில் பொய்யைவிட நீண்ட நாள் வாழ்வது இந்தக் கடுகுதான். பின்னொருவர் சந்தனக் காட்டு மணம் எரிதிறனைக் கெடுக்கிறது என்றார் (ஒர்க் ஷாப் சுவரில் கரியால் எழுதிய குறிப்பு, மூன்றாம் வரி, வெள்ளையடித்தபோது நீங்கியது, மேற்கோள் காட்டுபவர் அதைப் பார்த்ததில்லை, பார்த்தவரைப் பார்த்தவர்). முனியறைகள் எனப்படும் இவ்வூர்ப் பெருங்கற்காலக் கல்லறைகளை இன்னும் ஒருவரும் காரணம் காட்டாதது வியப்பு. அதற்கொரு கருத்தரங்கு கூட்டினால் போதும்.

எத்தனால் பற்றியும் சொல்ல வேண்டும். மறையூர்க் கரும்பு வெல்லமாகி 2019-இல் புவிசார் குறியீடு பெற்றுக் கௌரவமாக இருக்கிறது. பிற ஊர்க் கரும்பும் தானியமும் எத்தனாலாகி டேங்குக்குள் வருகின்றன. இருபது சதம் எத்தனால் கலந்தால் 14.7 என்ற கணக்கு ஏறக்குறைய 13.5-க்கு இறங்குகிறது, பழைய ஜெட் அதை அறியாததால் மிக்சர் ஓரளவு லீன் ஆவது மெய். பழைய ரப்பர் பாகங்களுக்கும் அது ஆகாது.

ரப்பர் என்றதும் மெக்கானிக் நினைவுக்கு வருகிறார். நூலறிவு இல்லாதவர் என்பதால் இவர் கடைசியில் வைக்கப்பட்டார். முதலில் அவர் ஒரு பிளக்கைக் கழற்றினார். பிஸ்கட் நிறம் இருந்தால் சரி, கரி இருந்தால் ரிச், இது வெளுத்திருந்தது. ஐடிலிலேயே நடுக்கம் இருந்து, வேகம் கூடக் கூடத் தெளிந்தால் எங்கோ ஏர் இழுக்கிறது என்றும், ஐடில் நன்றாக இருந்து ஏற்றத்தில் மட்டும் செத்தால் பில்டர், பெட்ரோல் பம்ப், ஜெட் மூன்றில் ஒன்று என்றும் பிரித்தார். இந்த வண்டி நின்ற இடத்திலேயே நடுங்கியது. பிரேக் மிதியும் கல்லாக இருக்கிறது என்றவர், ஓடுகிற எஞ்சினில் கார்புரேட்டரின் அடிக் கேஸ்கெட்டைச் சுற்றி கிளீனர் ஸ்பிரேயை அடித்தார். ஒன்றுமில்லை. எஞ்சின் உறிஞ்சலில் வேலை செய்யும் பிரேக் பூஸ்டரின் ஹோஸ் முனையில் அடித்ததும் எஞ்சின் சத்தம் மாறியது. வெடித்திருந்த முனையை வெட்டிவிட்டு, மீதியை இழுத்துச் செருகிக் கிளிப்பை முடுக்கினார். ஹோஸையே மாற்றிவிடுவது நல்லது என்றும் சொன்னார். ‘இடைச்செருகல்’ வரி மூலபாடமே என்று இதனால் உறுதியாகிறது: சோக்கை இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும், லீன் வண்டி அதனால்தான் தெம்பு பெற்றது.

அவர் கண்டுபிடிப்பு அடிக்குறிப்பின்றி வெளியானதால் மலைக்காற்று மரபினர் அதை ஏற்கவில்லை. ஹோஸ் மாற்றியும் எஞ்சின் மட்டும் உறுமி வண்டி நகராவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். கிளட்ச் இத்துறையில் சேராது. அதற்கு வேறு துறை, வேறு நெறியாளர், தனி நல்கை வேண்டும்.