மணி அடிக்காத போன்

ஒரு ஸ்மார்ட்போனை இரண்டாகப் பிரித்து இரண்டு பைகளில் போட்டுக்கொண்டு திரியும் வழக்கம் அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டு தொடங்கியது. ஒரு பையில் ஐபாட் டச் என்ற பாட்டுப் பெட்டி; மறு பையில் மைஃபை என்ற கையடக்க ஹாட்ஸ்பாட். முதலாவதற்குத் திரை உண்டு, ஆப்கள் உண்டு, செல் கோபுரத்தோடு பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டாவதற்குக் கோபுரத்தோடு நல்ல பழக்கம், ஆனால் முகமே இல்லை. கூட்டுக் குடும்பத்திலிருந்து தனிக்குடித்தனம் போகிறவர்கள் சொல்லும் காரணமே இதற்கும் சொல்லப்பட்டது: செலவு குறையும்.

ஐபோன் 2007 ஜூன் 29 அன்று விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அதை வாங்கியவர் ஏடி&டி நிறுவனத்தோடு இரண்டு ஆண்டு ஒப்பந்தமும் போட்டாக வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில், ஐபோனிலிருந்து போனை மட்டும் கழற்றிவிட்டது போன்ற ஐபாட் டச்சை ஆப்பிள் வெளியிட்டது. 8 ஜிபி மாடல் 299 டாலர். ஒப்பந்தம், மாதக் கட்டணம் எதுவும் இல்லை. 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்ததும் அதில் ஸ்மார்ட்போனின் பெரும்பாலான வேலைகள் நடந்தன, அருகில் வைஃபை இருக்கும்வரை. வைஃபை எல்லையைத் தாண்டி வாசலுக்கு வந்தால் அது மறுபடி பாட்டுப் பெட்டி. 2009-இல் நோவாடெல் வயர்லெஸ் நிறுவனத்தின் மைஃபை வெரைசன், ஸ்பிரின்ட் கடைகளுக்கு வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. கிரெடிட் கார்டு அளவு, 60 கிராமுக்கும் குறைவான எடை, ஒரே சமயத்தில் ஐந்து கருவிகளுக்கு இணைப்பு. வைஃபை கூடவே நடந்து வந்தது.

சிக்கனத்தின் கணக்கைப் பார்க்கலாம். 2009 இறுதியில் ஐபோன் 3ஜிஎஸ் 199 டாலர். பேச்சுக்கு 40, டேட்டாவுக்கு 30 என்று மாதம் 70. இரண்டு ஆண்டுகளில் வரி நீங்கலாக 1,879. மறுபக்கம் ஐபாட் டச் 199. வெரைசனில் மைஃபை, சலுகை கழித்து 100. 5 ஜிபி திட்டம் மாதம் 60. ஆக 1,739. இரண்டு ஆண்டு இரண்டு பெட்டிகளைச் சுமந்ததற்குக் கூலி 140 டாலர். ஒப்பந்தத்திலிருந்து தப்பிக்கத்தானே இவ்வளவும் என்று கேட்கக் கூடாது. அந்த 100 டாலர் விலைக்கும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் உண்டு. எஸ்எம்எஸ்ஸுக்கு ஏடி&டி தனியாக வாங்கிய பணத்தைச் சேர்த்துக்கொண்டால் லாபம் சற்றுக் கூடும். 2010 ஆகஸ்டில் வெர்ஜின் மொபைல் ஒப்பந்தமே இல்லாமல் மாதம் 40 டாலருக்கு அளவில்லா டேட்டா என்று அறிவித்தபோதுதான் இந்த முறைக்கு உண்மையான நியாயம் பிறந்தது. சில மாதங்களிலேயே அந்த அளவின்மைக்கும் ஓர் அளவு வந்துவிட்டது.

பணத்தைவிடச் சுவையான லாபம் ஒன்று இருந்தது. வைஃபை வழியாக வருவதெல்லாம் வீட்டு இணைப்பு என்றே ஐபாட் டச் நம்பியது. அதற்குப் பின்னால் செல் கோபுரம் நிற்பது அதற்குத் தெரியாது. ஐபோனில் செல் இணைப்பின் வழியே ஸ்கைப் போன்ற ஆப்களில் பேச 2009 அக்டோபர் வரை ஏடி&டி இடம் கொடுக்கவில்லை. ஃபேஸ்டைம் வீடியோ அழைப்பு 2012 வரை வைஃபையில் மட்டுமே வேலை செய்தது. பெரிய ஆப்களை அப்போது செல் இணைப்பில் இறக்க முடியவில்லை. ஓடும் பேருந்தில் ஐபோன்காரர் இத்தனை விதிகளுக்கும் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்க, பக்கத்து இருக்கையில் இரண்டு பெட்டிக்காரர் அத்தனையையும் மீறிக்கொண்டிருப்பார். மீறுகிறோம் என்பது அவருடைய கருவிக்கே தெரியாது என்பதால் மனசாட்சிக்கும் உறுத்தல் இல்லை.

பேசும் விதத்தில் சில நுணுக்கங்கள் உண்டு. முதல் தலைமுறை ஐபாட் டச்சில் மைக்கே கிடையாது. 2008-இல் வந்த இரண்டாவதில் மைக் வைத்த ஹெட்செட்டைச் செருகிக்கொள்ளலாம். 2010-இல் வந்த நான்காவதில் மைக்கும் கேமராவும் உள்ளேயே வந்தன; ஆனால் காதில் வைத்துக் கேட்பதற்கான சிறு ஒலிபெருக்கியை மட்டும் ஆப்பிள் வைக்கவில்லை. ஹெட்செட்டை மறந்தவர் கருவியை முகத்துக்கு நேரே பிடித்துப் பேச வேண்டும். எதிர்முனை சொல்வதை அவரோடு சேர்ந்து பேருந்தும் கேட்கும். இன்று தமிழ்நாட்டு ரயில்களில் பலர் எந்தத் தொழில்நுட்பக் கட்டாயமும் இல்லாமல் இதையே செய்கிறார்கள்.

இது வரை சொன்னது அவர் பிறரை அழைக்கும் பக்கம். முறை இடறி விழுந்தது பிறர் அவரை அழைக்கும் பக்கத்தில். செல்போன் நாள் முழுவதும் சும்மா கிடப்பதாகத் தோன்றினாலும், கோபுரம் கூப்பிடுகிறதா என்று அவ்வப்போது கணநேரம் விழித்துச் செவி சாய்த்தபடியே கிடக்கிறது. சிறிய பேட்டரியில் நாள் முழுவதும் இப்படிக் காத்திருப்பதுதான் அதன் பெரிய வித்தை. ஐபாட் டச்சுக்கு அந்தப் பயிற்சி இல்லை. 2010 ஜூனில் ஐஓஎஸ் 4 வரும்வரை வெளியார் செய்த ஆப்கள் பின்னணியில் ஓட முடியாது. ஸ்கைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் அழைப்பு வரும். ஐஓஎஸ் 4 வந்த பிறகும் இரண்டாம் தலைமுறைக் கருவிக்குப் பின்னணி வசதி மறுக்கப்பட்டது. திரை அணைந்தால் வைஃபையும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கண்ணயரும். பயன்படுத்துவோர் யாரும் இல்லையென்று ஹாட்ஸ்பாட்டும் தூங்கிவிடும். ஒரு பையில் ஒன்று, மறு பையில் ஒன்று, இரண்டும் நல்ல உறக்கம். அழைத்தவர் குரல்பதிவில் வசைபாடி முடித்து வெகுநேரம் கழித்துத்தான் செய்தி வந்து சேரும். கடன்காரர்களுக்கும் வேலைக்கு ஆள் தேடும் மேலாளர்களுக்கும் அகப்படாமல் இருக்க விரும்புவோருக்கு இதைவிடச் சிறந்த கருவி அமைந்ததில்லை.

வழி காட்டுவதிலும் இதே கதை. ஐபாட் டச்சில் ஜிபிஎஸ் கிடையாது. சுற்றியுள்ள வைஃபை நிலையங்களின் அடையாளத்தை ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் அது தன் இடத்தை அறிந்தது. அந்தப் பட்டியல், வைஃபை நிலையங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும் என்ற நம்பிக்கையில் தயாரானது. நடமாடும் ஹாட்ஸ்பாட்டின் அடையாளம் அதில் ஏறிவிட்டால், உரிமையாளர் எந்த ஊரில் வழி தவறி நின்றாலும் அவர் பத்திரமாக வீட்டில் இருப்பதாக வரைபடம் காட்ட வாய்ப்புண்டு.

அவசர உதவிக்கு 911-ஐ அழைக்க வேண்டுமென்றால் ஸ்கைப்பை நம்ப முடியவில்லை. அதற்கு உரியதல்ல என்று ஸ்கைப்பே சொன்னது. ஆனால் கணக்கு மூடிய பழைய செல்போனிலிருந்தும் 911 அழைப்பு போக வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஆகவே விவரமானவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்து மூன்றாவது பையில் போட்டுக்கொண்டார். மைஃபையின் பேட்டரி தொடர்ந்து பயன்படுத்தினால் சுமார் நான்கு மணி நேரமே வரும். சார்ஜர்களுக்கு நான்காவது பை. ஐந்து பேருக்கு இணைப்பு தரலாம் என்பதால் நண்பர்கள் தவறாமல் கூடினார்கள். கடவுச்சொல்லைக் கேட்டவர்களில் எவரும் மாதக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டதாகத் தெரியவில்லை.

பிரித்ததை ஒட்டித் தருவதிலும் வியாபாரம் இருக்கிறது என்பதைக் கம்பெனிகள் விரைவில் கண்டுகொண்டன. 2010-இல் ஸ்பிரின்ட், ஐபாட் டச்சின் முதுகில் உறைபோல மாட்டும் பீல் என்ற ஹாட்ஸ்பாட்டை விற்றது. அதே ஆண்டு சீனாவின் ஷென்ஜெனில் ஆப்பிள் பீல் 520 என்ற உறை வந்தது. சிம், பேட்டரி, மைக் அத்தனையும் அதற்குள். மாட்டினால் ஐபாட் டச் போனாகிவிடும், பருமன் அதற்கேற்றபடி. இவற்றையெல்லாம் ஒரே அடியில் வீழ்த்தியது 2011 பிப்ரவரியில் வெரைசனுக்கு வந்த ஐபோன் 4. அந்தப் போனே ஐந்து கருவிகளுக்கு ஹாட்ஸ்பாட் ஆனது. வெளியே போன உறுப்பினர் பெட்டி படுக்கையோடு வீடு திரும்பிவிட்டார்.

இந்தியாவில் இந்த முறைக்கு 2016-இல் ஒரு மறுபிறவி கிடைத்தது. ஜியோவின் வலைப்பின்னல் அப்போது முழுக்க 4ஜி. 4ஜி வழியே பேச உதவும் வோல்டி வசதி இல்லாத போன்களில் சாதாரண அழைப்பு வராது. பழைய போனை ஜியோஃபை என்ற ஹாட்ஸ்பாட்டோடு இணைத்து, ஜியோ4ஜிவாய்ஸ் ஆப்பைப் போட்டுக்கொண்டால், ஹாட்ஸ்பாட்டிலிருந்த சிம்மின் எண்ணுக்கு வரும் அழைப்பு போனில் ஒலித்தது. அமெரிக்க இரட்டையருக்குக் கிட்டாத மணியோசை இங்கே கிட்டியது. போனை மேசையில் வைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டோடு மட்டும் டீக்கடைக்குப் போனவருக்கு அதுவும் இல்லை.

ஐபாட் டச்சை நிறுத்துவதாக ஆப்பிள் 2022 மே மாதம் அறிவித்தது. சிம் இல்லாத பழைய போன் ஒன்றும் ஒரு ஹாட்ஸ்பாட்டும் இருந்தால் இதை இன்றும் செய்து பார்க்கலாம். படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் குறையொன்றும் இராது. ஆனால் அந்த ஹாட்ஸ்பாட்டுக்குள் இருக்கும் சிம்மின் எண்ணை மட்டும் வங்கியில் கொடுத்துவிடாதீர்கள். ஓடிபி அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். படிக்க அதற்குப் பெரும்பாலும் திரை கிடையாது.