சனிக்கிழமை கிளம்பிய ஆகாயக் கப்பல்

1930-ல் காரைக்காலில் பறந்த மூவண்ணக் கொடி பிரான்சுடையது. பாரிசுக்கு வடக்கே, போவே நகரத்தை ஒட்டிய அலோன் கிராமத்திலும் அதே கொடிதான். ஆக, இந்தியாவுக்கென்று கிளம்பிய இங்கிலாந்தின் ஆகாயக் கப்பல் ஆர்-101 அந்த அலோனில் போய் விழுந்தபோது, "நம்ம சர்க்கார் எல்லைக்குள்ளதான்யா விழுந்திருக்கான்" என்று சொல்லிக்கொள்ளக் காரைக்கால்காரருக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. 1739-ல் தஞ்சாவூர் ராஜாவிடமிருந்து ஊர் பிரெஞ்சுக்காரன் கைக்குப் போனபோது இப்படியொரு பாத்தியதை கிடைக்கும் என்று யார் நினைத்தார்கள்!

கதாநாயகர் தாம்சன் பிரபு, பிரிட்டனின் விமானத் துறை மந்திரி. பிறந்தது நம் நாசிக்கில். பிரபு பட்டம் கிடைத்தபோது, கப்பல் கட்டும் கொட்டகை இருந்த கார்டிங்டன் ஊரையே பட்டத்தோடு ஒட்டிக்கொண்டவர். அடுத்த வைஸ்ராய் இவர்தான் என்றுகூட லண்டனில் பேச்சு அடிபட்டது. வைஸ்ராய் ஆகப் போகிறவர் மற்றவர்களைப் போல மூன்று வாரம் கடலில் வாந்தி எடுத்துக்கொண்டா வருவார்? வானத்திலிருந்து கராச்சியில் இறங்க வேண்டும். லண்டனில் ஏகாதிபத்திய மாநாடு முடிவதற்குள் திரும்பிப் போய் அந்தப் பெருமையைச் சொல்லவும் வேண்டும். தேதி அவர் குறித்தது. அந்தத் தேதிக்குக் கப்பல் தயாரா என்பதெல்லாம் அப்புறம்.

கப்பல் தயாராக இல்லை. 60 டன் சுமக்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். கட்டி முடித்துப் பார்த்தால் 35 டன்தான் தூக்கியது. ஒரு காரணம் எஞ்சின். வெப்ப நாட்டுக்குப் போகும்போது பெட்ரோல் ஆபத்து என்று, ரயிலுக்காக உருவான டீசல் எஞ்சின்களை மாட்டினார்கள். ஒவ்வொன்றும் மலைக் கனம். பெட்ரோலுக்கு அவ்வளவு பயந்தவர்கள், 55 லட்சம் கன அடி ஹைட்ரஜனுக்குக் கீழே பயணிகள் சுருட்டுப் பிடிக்கத் தனி அறை வைத்திருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

பாரம் தூக்கவில்லையா, கப்பலை நடுவில் வெட்டி இன்னொரு துண்டைச் செருகு என்றார்கள். நீளம் 777 அடியானது. வாயுப் பைகளைக் கட்டியிருந்த வலையைத் தளர்த்தி, பைகளை இன்னும் உப்ப விட்டார்கள். அந்தப் பைகள் மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வால் செய்தவை. உப்பிய பை சட்டத்தில் உரசும். உரசினால் ஓட்டை விழும். மக்வேட் என்ற ஆய்வாளர் ஜூலையிலேயே "இது சரிப்படாது" என்று மேலே எழுதினார். மேலிடத்தின் தீர்வு: குத்துகிற இடத்தில் துணியைச் சுற்று. ஆயிரக்கணக்கான இடங்களில் சுற்றினார்கள். அதற்கு முன்பே, ஜூன் மாதம் கம்பத்தில் கட்டி நிறுத்தியிருந்தபோதே மேலுறை 140 அடி நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அக்டோபர் 1-ஆம் தேதி கடைசி வெள்ளோட்டம். எண்ணெய்க் குளிர்விப்பான் பழுதானதால் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கவே இல்லை. பறக்கலாம் என்ற சான்றிதழ் மட்டும் தவறாமல் வந்துவிட்டது.

அக்டோபர் 4, சனிக்கிழமை மாலை, மழையிலும் காற்றிலும் கிளம்பியது. கம்பத்தை விட்டு எழும்பவே நாலு டன் தண்ணீரைக் கொட்ட வேண்டியிருந்தது. மந்திரியின் கம்பளச் சுருளும் ஷாம்பெயின் பெட்டிகளும் பத்திரமாக உள்ளே இருந்தன. வழியில் எகிப்தின் இஸ்மாயிலியாவில் விருந்து கொடுக்க வேண்டுமே! சனீஸ்வரன் கோயில் இருக்கும் திருநள்ளாற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காரைக்கால்காரர்கள் நாங்கள் சனிக்கிழமையை விட்டுவிட முடியாது. விழுந்தது ஞாயிறு அதிகாலை என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்தான். நம் பஞ்சாங்கத்தில் சூரியன் உதித்தால்தான் மறுநாள். அதனால் விழுந்ததும் சனிக்கிழமையே.

பயணிகள் சாப்பிட்டுச் சுருட்டுப் பிடித்துப் படுத்துவிட்டார்கள் என்று நள்ளிரவில் வானொலிச் செய்தி போனது. இரண்டு மணிக்கு முறை மாறியது. எஞ்சின் கூண்டுக்குச் சில நிமிடம் தாமதமாக வந்த பிங்ஸ் என்ற எஞ்சின்காரருக்காக இன்னொரு எஞ்சின்காரர் பெல் காத்திருந்தார். சற்று நேரத்தில் மூக்கு கவிழ்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி கவிழ்ந்தது. தரையைத் தொட்டபோது வேகம் மணிக்கு 13 மைல் அளவுதான். சைக்கிள்காரன் விழுந்து எழுந்து போகிற வேகம். கொன்றது தீ. பிங்ஸ், பெல் இருவர் தலைக்கு மேலும் ஒரு தண்ணீர்த் தொட்டி உடைந்து கொட்டியதால் உயிர் தப்பினார்கள். 54 பேரில் 48 பேர் போனார்கள், மந்திரி உட்பட.

காரணம் சொல்ல ஆள் பஞ்சமில்லை. மூன்றாம் நாளே லண்டனில் ஐலீன் காரெட் என்ற அம்மாள் மேல் கப்பல் தலைவர் இர்வினின் ஆவி இறங்கி, பாரம் அதிகம், எஞ்சின் சரியில்லை என்று தொழில்நுட்பம் பேசியதாம். சிவனிடம் பேய் வடிவத்தையே கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையார் பிறந்த ஊர்க்காரர்கள் நாங்கள். பேய் பேசியதில் எங்களுக்கு வியப்பில்லை. விசாரணைக் கமிஷனுக்கு முந்தி வந்து சாட்சி சொன்னதுதான் வியப்பு.

கமிஷனுக்குத் தலைமை யார் தெரியுமா? "சைமனே திரும்பிப் போ" என்று 1928-ல் கறுப்புக் கொடி காட்டினோமே, அதே சர் ஜான் சைமன். முன்பக்க மேலுறை கிழிந்து, வாயுப் பை சேதமாகி, வாயு வெளியேறி மூக்கு கவிழ்ந்தது என்பது அவர் முடிவு. தீயை மூட்டியது மின்பொறியா, கொதிக்கும் எஞ்சினா, ஈரம் பட்டால் எரியும் சமிக்ஞைக் குண்டா? தீரவில்லை. வேகத்தைக் குறைத்ததுதான் வினை, சுக்கான் கம்பி அறுந்ததுதான் வினை என்று பின்னால் வந்தவர்களும் மல்லுக்கட்டுகிறார்கள். பொதுக் கொள்கைக் காரணங்கள் நெருக்கியிராவிட்டால் அன்று மாலை கப்பல் கிளம்பியிராது என்று சைமன் நாசூக்காக எழுதிவைத்தார். நாசூக்கு இல்லாமல் நான் சொல்கிறேன்: அவசரம், மந்திரியின் அவசரம். சனீஸ்வரன் மேல் வழக்கு நிற்காது.

ஆனால் சனிப் பிணம் தனிப் போகாது என்பது மட்டும் பலித்தது. தனியார் கட்டிய ஆர்-100, அதே ஆண்டு கனடாவுக்குப் போய் ஒழுங்காகத் திரும்பி வந்த கப்பல். அதையும் 1931-ல் உடைத்துப் பழைய இரும்புக் கணக்கில் தள்ளிவிட்டார்கள். கராச்சியில் ஆர்-101-க்காகக் கட்டிய பிரம்மாண்டக் கொட்டகை ஒரே ஒரு ஆகாயக் கப்பலையும் பார்க்காமல் பல ஆண்டுகள் நின்றது. அப்புறம் அதையும் பிரித்துவிட்டார்கள்.