மிஷன் ஆஸ்பத்திரியை நிர்வகிப்பது எப்படி?

புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் நிர்வாகிகளுக்கு, விசுவாசமும் குறையாமல், கல்லாவும் குறையாமல் ஆஸ்பத்திரி நடத்தச் சில வழிகள்:

1. சுவரிலிருந்து தொடங்குங்கள். வரவேற்பறையில் நல்ல சமாரியன் படம். அதற்கு நேர் கீழே, 'முன்பணம் கட்டிய பிறகே அட்மிஷன்' என்ற பலகை. கேஷ் கவுண்டரில் இருப்பவர் லூக்கா 10-ஆம் அதிகாரத்தை மட்டும் வாசித்துவிடக் கூடாது. அதில் சமாரியன் இரண்டு பணம் கொடுத்து, மிச்சத்தைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். சத்திரக்காரன் ஆதார் நகலோ ஜாமீனோ கேட்டதாக எழுதியில்லை. ஆடிட்டருக்கு யார் பதில் சொல்வது?

2. நிறுவனர் நாளை விமரிசையாகக் கொண்டாடுங்கள். மிஷன் மருத்துவர் ஐடா ஸ்கடரைச் சொல்லாமல் பேச்சு எடுபடாது. ஆண் மருத்துவர் பிரசவம் பார்க்கக் கூடாதென்று வீட்டார் மறுத்ததால், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் இறந்ததைச் சொல்லிக் கண் கலங்குங்கள். 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு அவர் கிளினிக் தொடங்கியதையும் சொல்லலாம். மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போய்ச் சாலையோரத்தில் வைத்தியம் பார்த்ததை மட்டும் அடக்கி வாசியுங்கள். நஷ்டம் என்று நீங்கள் இழுத்து மூடிய கிராம கிளினிக் யாருக்காவது ஞாபகம் வந்துவிடும்.

3. பெரிய வியாழனன்று நர்ஸ்களின் கால்களைக் கழுவுங்கள். போட்டோகிராபர் வந்த பிறகு. அடுத்த வாரம் அதே நர்ஸ் ஓவர்டைம் பணம் கேட்டால், "இது வேலை இல்லையம்மா, ஊழியம்" என்று சொல்லுங்கள். அவர் வேறு வேலைக்குக் கிளம்பினால், "இது ஊழியம் இல்லை, ஒப்பந்தம்" என்று சொல்லி ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பீரோவில் பூட்டுங்கள்.

4. கமிட்டிக் கூட்டம் ஜெபத்தோடுதான் தொடங்க வேண்டும். எல்லோரும் கண்ணை மூடியிருக்கும் அந்த நேரமே மச்சானின் மருந்து டெண்டரை மேசையில் வைக்க உகந்தது.

5. ஊசி மாறிப்போய் நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் விசாரணை வேண்டாம். 'கர்த்தருடைய சித்தம்' என்று ஃபைலை மூடுங்கள். உறவினர் கொதித்தால், மன்னிப்பின் மகிமையைப் பற்றி அவருக்கே பிரசங்கம் வையுங்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்கும் பேச்சே எழக் கூடாது.

6. பில் பாக்கிக்காக உடலைக் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் அரிமத்தியா யோசேப்பின் பெயரை ஆஸ்பத்திரி வளாகத்தில் யாரும் எடுக்கக் கூடாது. இயேசுவின் உடலைக் கேட்டு அவர் போனபோது, இறந்தது உண்மைதானா என்று நூற்றுக்கு அதிபதியிடம் விசாரித்துவிட்டுப் பிலாத்து கொடுத்தனுப்பினான். சிலுவைத் தீர்ப்புக் கொடுத்த கைதான். ஆனாலும் அது பில் நீட்டவில்லை.

ஒரேயொரு சிக்கல். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனமும், பணம் பாக்கி என்பதற்காக நோயாளியையோ உடலையோ நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது. வேதமும் சாசனமும் சேர்ந்துகொண்டு எதிரே நிற்கும்போது இந்தக் கையேடு ரொம்ப நாள் தாங்காது. ஆகவே, சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் முன் ஏழை நோயாளி நிதிக்கு ஒரு தொகையை ஒதுக்குங்கள். அந்த நர்ஸின் சர்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுங்கள். வசனத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.