கடல்கட்டி இல்லாத வீடு

தூத்துக்குடியில் பிறந்துவிட்டுக் கடலுக்குப் பயப்படுகிறவன் நான். ரோச் பூங்காவில் உட்கார்ந்து காற்று வாங்குவதோடு எனக்கும் மன்னார் வளைகுடாவுக்குமான உறவு முடிந்தது. முயல் தீவுப் பக்கம் யாராவது படகில் கூப்பிட்டால் அன்றைக்கென்று முட்டி வலிக்கும். "முத்து எடுத்த ஊர்ல பொறந்து, வாளித் தண்ணியக் கண்டே நடுங்குதாவ" என்று என் மனைவி விருந்தாளிகளிடம் என்னை அறிமுகப்படுத்துவாள். கடைசி முத்துக்குளிப்பு 1961இலேயே முடிந்துவிட்டது என்ற என் வாதம் வீட்டில் எடுபட்டதில்லை.

கல்லூரியில் படிக்கும் மகன் வைத்தியத்தோடு வந்தான். நண்பனிடம் இரவல் வாங்கிய, மாய உலகைக் கண்முன் காட்டும் வி.ஆர். கண்ணாடி. "எப்பா, இப்ப பயத்தை இதை வச்சுத்தான் போக்குதாங்க."

பையன் சொன்னது பொய்யில்லை. உயரத்துக்குப் பயந்தவர்களைக் கணினியில் உருவாக்கிய பாலங்களிலும் கண்ணாடி லிஃப்டிலும் படிப்படியாக ஏற்றி, பயம் குறைந்ததை அமெரிக்காவில் பார்பரா ராத்பாமும் கூட்டாளிகளும் 1995இலேயே எழுதிவிட்டார்கள். தீக்காயம் பட்டவர்களுக்குப் புண்ணைச் சுத்தம் செய்யும்போது, 'ஸ்னோ வேர்ல்டு' என்ற மாய உலகில் பனிப்பொம்மைகள் மீது பனியுருண்டை எறிய வைத்தார் சியாட்டிலின் ஹண்டர் ஹாஃப்மன். கவனம் அங்கே போய்விட, வலியைக் கவனிக்க ஆளில்லை. கண்ணை ஏமாற்றி மூளையை வழிக்குக் கொண்டுவர மின்சாரம்கூட வேண்டாம் என்று காட்டியவர் நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். கை போன பின்னும் அந்தக் கை வலிக்கிறதென்று துடித்தவர்களுக்கு, ஒரு பெட்டியில் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தைப் போன கையாகக் காட்டினார். பலருக்கு வலி தணிந்தது.

இவ்வளவு பேர் சாட்சி சொன்னபின் நான் எப்படி மறுப்பது? ஹால் நடுவே நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டேன். சுற்றிலும் கடல். கண் 'படகு ஆடுகிறது' என்றது. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்போ 'நாற்காலி அசையவே இல்லையே' என்றது. இருவர் சண்டையையும் தீர்க்க முடியாத மூளை, வழக்கை வயிற்றுக்கு மாற்றிவிட்டது. தண்ணீரே இல்லாமல் கடல் மயக்கம்! அந்த நேரம் பார்த்து ஒரு சுறா வாயைத் திறந்தது. நான் எழுந்து ஓடியதில் அத்தை கையிலிருந்த மக்ரூன் தட்டு பறந்தது.

"மருமவனுக்கு என்னட்டி ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா, முத்துக் குளிக்காவ."

சிரிக்கட்டும். காலில் கல்லைக் கோத்து, மூச்சடக்கி முத்துப் பாருக்கு இறங்கிய அசல் குளியாளிகளும் சுறாவுக்குப் பயந்தவர்கள்தான். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டும் 'கடல்கட்டி' வந்தாலொழிய இறங்க மாட்டார்கள். எடுத்த முத்தில் 20இல் ஒரு பங்கு இந்த மந்திரக்காரர்களுக்குப் போனதாக எழுதினார் மார்க்கோ போலோ. அதுவும் பகலுக்கு மட்டும் செல்லும் மந்திரம், இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். மாதச் சந்தா வாங்கும் இன்றைய செயலிகளுக்கு இவர்களே தாத்தாக்கள். மந்திரத்தை நம்பாத ஆங்கிலேய அரசும் முத்துக்குளிப்புக்குக் கடல்கட்டியை அமர்த்தியது. மந்திரம் சுறாவின் காதில் விழுந்ததோ என்னவோ, குளியாளிக்குத் தைரியம் வந்தது.

என் வீட்டில் இல்லாமல் போனது அந்த ஆள்தான். ராத்பாம் குழுவினர் பக்கத்தில் இருந்து, பயத்தை அளந்து, ஒவ்வொரு படியாக ஏற்றினார்கள். என் பிள்ளை எடுத்த எடுப்பில் சுறாவிடம் அனுப்பினான். பயிற்சி பெற்ற ஆள் கூட இல்லாவிட்டால், அது வெறும் விளையாட்டுச் சாமான்.

ஓடியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நாள்பட்ட இடுப்புவலிக்கென்றே 8 வார வி.ஆர். சிகிச்சை ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 நவம்பரில் அனுமதி கொடுத்திருக்கிறது. மகன் அதையும் படித்துவிட்டான். கண்ணாடி இரவல் கேட்டு உங்கள் வீட்டுக்கு வந்தால், தயவுசெய்து இல்லையென்று சொல்லிவிடுங்கள்.