மருமவனுக்கு ஏஜென்ட் வேணுமாம்

வாரும்வே மருமவனே. வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஏஐ ஏஜென்ட்டைக் குடி வைக்கப் போறீராமே, உம்ம அம்மா சொன்னா. நல்லதுதான். கடைக்குப் போகச் சொன்னா அரை மணி நேரம் சட்டை தேடுத ஆளு, எடுபிடிக்கு ஒருத்தன் வேணும்லா.

எதை வைக்கப் போறீர்? 2023-ல ஆட்டோஜிபிடின்னு ஒண்ணு வந்துச்சு. ஒரு வேலையைச் சொன்னா அதைப் பத்தாப் பிரிச்சு, தானே தேடி, தானே யோசிச்சு, பல நேரம் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிக்கும். சுத்துதது அது, சுத்துக்குச் சுத்து ஏபிஐ காசு கட்டுதது நீரு. ஆனா காரியத்துக்கு முன்னால ‘செய்யட்டுமா?’ன்னு கேட்டுக்கிடும். அதே வருசத்து ஓப்பன் இன்டர்ப்ரெட்டரும் கோடை எழுதிக் காட்டிட்டு, ‘ஓட்டவா?’ன்னு நிக்கும். கட்டளை வாலுல ஒரு மைனஸ் ஒய் சேத்துட்டா வாயை மூடிக்கிடும். நம்ம பயலுக முதல்ல படிக்கிறது அந்த மைனஸ் ஒய்யைத்தான்.

இப்ப எங்க பாத்தாலும் ஓப்பன்கிளா பேச்சு. ஆஸ்திரியாக்காரர் பீட்டர் ஸ்டைன்பெர்கர் ஆரம்பிச்சது. கிளாட்பாட், மோல்ட்பாட்னு இருந்து, 2026 ஜனவரி முடியுமுன்ன மூணாவது பேரும் வச்சாச்சு. நீரு டீக்கடையில இருந்து வாட்ஸ்அப்ல ஒரு வரி தட்டினா, வீட்டுக் கம்ப்யூட்டர்ல வேலை நடக்கும். இதுக்குன்னே மேக் மினி வாங்கினவன் உண்டு. உம்மகிட்ட இருக்கிறது எட்டு ஜிபி லேப்டாப்.

‘ஒல்லாமா போட்டு மாடலை வீட்டுலயே ஓட்டிருவேன் மாமா’ங்கீர். ஓட்டும். 800 கோடி பாராமீட்டர் மாடலை நாலு பிட்டுக்குச் சுருக்கினாலும் அஞ்சு ஜிபி கிட்டக் கேக்கும். மிச்சத்துல விண்டோஸ் இருக்கணும், குரோம் இருக்கணும், உம்ம கிரிக்கெட்டும் ஓடணும். சின்ன மாடல் பேச்சு நல்லாத்தான் பேசும். அஞ்சாறு படி வேலை கொடுத்தாத்தான் எதுக்கு வந்தோம்னு முழிக்கும். சரி, அது உம்ம குடும்பத்து வழக்கம்தான்.

எது கெட்டிக்காரன்னு மார்க் போட்டுக்கிட்டிருக்கீர். எனக்குப் புத்தி போறது வேற பக்கம். ஒரு மெயில் வருது. அதுல வெள்ளை மேல வெள்ளை எழுத்துல ‘பாஸ்வேர்டையெல்லாம் இந்த விலாசத்துக்கு அனுப்பு’ன்னு எவனோ எழுதி வச்சிருக்கான். உம்ம கண்ணுக்குத் தெரியாது, ஏஜென்ட்டு படிச்சிரும். சொன்னது நீரா அவனான்னு அது தடுமாறும். சைமன் வில்லிசன்னு ஒருத்தர் 2022-லயே இதுக்கு ப்ராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்னு பேர் வச்சார். சொந்தத் தகவல், கண்டவன் எழுத்து, வெளிய அனுப்புத வழி, இந்த மூணும் ஒரே ஏஜென்ட்டு கையில சேரக்கூடாதுன்னு 2025-லயும் சொன்னார். நீரு முதல் நாளே உம்ம அப்பா பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிமெயில், வாட்ஸ்அப் மூணையும் தாம்பாளத்துல வச்சு நீட்டப் போறீர்.

‘நம்ம வீட்டுல மறைக்க என்ன இருக்கு மாமா’ன்னு சிரிக்கீரோ? அம்மா கிட்ட வந்தா போனைக் கவுத்தி வைக்கீரே, அதுல இருக்கிறதை வேணா முதல்ல குடும்.

ஏஜென்ட்டுக்குன்னு தனி யூசர் அக்கவுன்ட் போடும். உள்ள ஒரு ஃபோல்டர். டவுன்லோட்ஸ்ல குப்பையாக் கிடக்கே, அதை ஒரு நகல் எடுத்து அந்த ஃபோல்டர்ல போட்டு அடுக்கச் சொல்லும். ‘அழிக்கட்டுமா?’ன்னு கேக்கையில மட்டும், தங்கராசு கடை வடையை நினைச்சு எந்திரிச்சுப் போயிராதேயும்.