கையெழுத்தும் களவுமாக

சென்ற இதழில் பதிவுத் தபாலைப் பற்றி ஒரேயொரு கேள்விக்குப் பதில் எழுதினேன். இந்தமுறை கேள்விப் பெட்டி முழுவதும் தபால் பசை வாசம். ஒரு கேள்வி பதிவுத் தபாலிலேயே வந்திருக்கிறது. அதைக் கையெழுத்திட்டு வாங்கியவர் யார் என்று எங்கள் காரியாலயத்தில் இன்னும் விசாரணை நடக்கிறது.

அம்பிட்டியிலிருந்து ஒரு குடும்பத்தலைவர்: எங்கள் வீட்டுக்குப் படிகள் மட்டும் 94. தபால்காரர் கீழேயே நின்று, பதிவுத் தபாலுக்குத் தானே கையெழுத்தைப் போட்டுவிட்டு, கடிதத்தைக் கேட்டில் செருகிவிட்டுப் போகிறார். இது குற்றமா, கருணையா?

படியைக் கட்டியவர் நீங்கள், ஏறுபவர் அவர். முதலில் அவருடைய முழங்காலிடம் மன்னிப்புக் கேளுங்கள். தண்டனைச் சட்டக்கோவை போலி ஆவணத்தைக் குற்றம் என்கிறது. ஆனால் அதற்கு நேர்மையீனமோ ஏமாற்றும் எண்ணமோ இருக்கவேண்டும். மூச்சு வாங்குவது அந்த இரண்டிலும் சேராது. ஆகவே பொலிசுக்கு ஓடவேண்டாம்.

அதற்காக அவர் செய்வது சரி என்றும் ஆகாது. சாதாரணக் கடிதத்தை விடப் பதிவுத் தபாலுக்குக் கூடுதலாகக் காசு கட்டுகிறோமே, அது காகிதத்துக்கான காசு அல்ல. "இன்னார் கையில் கொடுத்தேன்" என்ற சாட்சிக்கு. ஒப்புக்குச் சப்பாணி என்பார்கள். இவர் ஒப்பத்துக்குத் தபால்காரர். தபால் அதிபரைப் போய்ப் பாருங்கள். படியின் அடியில் குடியிருப்பவர் உங்களுக்காக வாங்கலாம் என்று எழுத்தில் கொடுங்கள். அவர் போடுவது அவருடைய சொந்தக் கையெழுத்தாக இருக்கும். யார் வாங்கினார் என்று பிறகு கேட்கவும் ஆள் இருக்கும்.

கண்டி நகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: உங்களுக்கே இப்படி நடந்ததுண்டா?

உண்டு. எந்தத் தபாலகம் என்று சொல்லமாட்டேன், நாளைக்கும் அங்கே முத்திரை வாங்கப் போகவேண்டும். அன்று நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தேன். அதே நாள், அதே நேரம், கண்டியில் ஒரு பதிவுத் தபாலையும் கையெழுத்திட்டு வாங்கியிருக்கிறேன். சித்தர்களுக்குத்தான் இது கைகூடும் என்று நினைத்திருந்தேன். ஏட்டை எடுத்துக் காட்டினார்கள். என் கையெழுத்தை விட அது அழகாக இருந்தது. வங்கியில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என்னுடையதைத்தான் போலி என்பார்கள்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு வியாபாரி: ஒரு கடிதம்தானே, யார் கையெழுத்துப் போட்டால் என்ன? ஏன் இவ்வளவு கூச்சல்?

பிறந்தநாள் வாழ்த்தாக இருந்தால் ஒன்றுமில்லை. நீதிமன்ற அழைப்பாணையாக இருந்தால்?

நம் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 59 ஆம் பிரிவு, அழைப்பாணையைச் சாதாரணமாகப் பதிவுத் தபாலில்தான் அனுப்பச் சொல்கிறது. அது முடியாது என்று நீதிமன்றம் கண்டால்தான் பிஸ்கால் அல்லது கிராம உத்தியோகத்தர் வருவார். இப்போது கணக்குப் பாருங்கள். உங்கள் மேல் ஒருவர் கடன் வழக்குப் போடுகிறார். அழைப்பாணை வருகிறது. கடைக்குப் பக்கத்துத் தேநீர்ச் சாலையில் தபாலைக் கொடுத்துவிட்டு, ஏட்டில் உங்கள் பெயரைத் தபால்காரர் கிறுக்குகிறார். தேநீர்ச் சாலைக்காரர் அதை வடைத்தட்டுக்குக் கீழே வைக்கிறார், மறக்கிறார். நீதிமன்றத்தில் உங்கள் பெயர் கூப்பிடப்படுகிறது. நீங்கள் இல்லை. ஒருதலைத் தீர்ப்பு.

தீர்ப்பாணை கைக்கு வந்த பிறகு 14 நாட்களுக்குள் போய், "எனக்கு எதுவும் கிடைக்கவில்லை" என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தவேண்டும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த ஏட்டை எடுத்து நீட்டுவார். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 114 ஆம் பிரிவு வேறு, வழமையான அலுவல்கள் வழமையாகவே நடந்திருக்கும் என்று ஊகிக்க நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. அந்த ஊகத்தை உடைப்பது உங்கள் பாடு. 1895 ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதை எழுதியவர்கள், குழப்பங்களால் தபால் தடைப்பட்டிருந்தால் அதையும் கவனிக்கவேண்டும் என்று உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். வடைத்தட்டை நினைத்துப் பார்க்கவில்லை.

கண்டி நகரிலிருந்து ஓர் அவசரக்காரர்: பெரஹரா நாட்களில் தபால் ஏன் தாமதமாகிறது?

யானைக்கு வழிவிடாத தபால்காரரை நீங்கள் கண்டதுண்டா?

கலஹாவிலிருந்து ஒரு தோட்டப்புற ஆசிரியை: நகரத்தில் ஒருவருக்காகத் தபால்காரர் கையெழுத்துப் போட்டால் பத்திரிகையில் வருகிறது. எங்கள் தோட்டத்தில் எல்லோருக்காகவும் யாரோ ஒருவர்தானே காலங்காலமாகக் கையெழுத்துப் போடுகிறார்?

இந்த இதழின் கேள்வி இதுதான் மிஸ். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

கண்டித் தபாலின் பெருமையைச் சொல்பவர்கள் 1832 இல் ஆரம்பிப்பார்கள். கொழும்பிலிருந்து கண்டிக்குக் குதிரைத் தபால் வண்டி ஓடிய ஆண்டு அது. ஆசியாவிலேயே முதலாவது என்று மார்தட்டுவோம். 1867 இல் ரயில் வந்தது. அதே ஆண்டு, உங்கள் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். ரயிலில் வந்த கடிதம் அந்தத் தேயிலைக்கு எப்படிப் போனது? தோட்டத்திலிருந்து ஓர் ஆள் தோல்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அட்டை கடிக்கக் கடிக்க மலையிறங்கித் தபாலகத்துக்கு வந்து, பையோடு திரும்ப ஏறினார். துரைமார் தங்கள் ஆங்கிலத்திலும் அவரை 'டப்பால் கூலி' என்றே எழுதினார்கள். மொழிபெயர்க்கவும் சோம்பல். அந்தப் பை பங்களாவில்தான் திறக்கப்பட்டது. துரையின் கடிதங்கள் முதலில் வெளியே வரும். லயத்துக் கடிதங்கள், இருந்தால், கணக்கப்பிள்ளை கைக்கும் கங்காணி கைக்கும் போய், பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கப்படும்.

பை போய் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. முகவரி மட்டும் வரவில்லை. நகரத்துக்காரனுக்கு வீட்டிலக்கம் உண்டு, வீதி உண்டு. லயத்துக் காம்பராவில் இருப்பவருக்குப் பெயர், தோட்டம், டிவிசன். அவ்வளவுதான். ஒரே டிவிசனில் மூன்று மாரியாயி இருந்தால் எந்த மாரியாயி? கடிதம் தோட்ட ஆபீசில் இறங்குகிறது. அங்கே கிளாக்கர் ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். தபால் திணைக்களத்தின் புத்தகத்தில் அது அந்த நிமிடமே ஒப்படைக்கப்பட்ட கடிதம். காம்பராவுக்கு அது வந்து சேர எடுக்கும் நாட்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதத்தைப் பிரித்துப் பார்த்த பிள்ளைகளை என்னை விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளி மனிதர்களை எண்ணிப் பங்கு போட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. நீ இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை ஒரு குடும்பத்துக்குச் சொன்னது காகிதம். விண்ணப்பமும் கடவுச்சீட்டும் கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயமுமாக ஆண்டுக்கணக்கில் மலையேறியும் இறங்கியும் நடந்தார்கள். அப்படிப்பட்ட காகிதமும் அதே தோட்ட ஆபீஸ் மேசையைத் தாண்டித்தான் வரவேண்டும். நல்ல கிளாக்கர்கள் இருந்தார்கள். இரவோடிரவாக லயத்துக்கு ஆளனுப்பியவர்களைப் பற்றி எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு குடும்பத்தின் நாடு எதுவென்பது கிளாக்கரின் நல்ல மனதில் தொங்கவேண்டுமா?

எனவே, காம்பராவுக்கு ஓர் இலக்கமும் பாதைக்கு ஒரு பெயரும் வேண்டும் என்று தோட்டப்புறத்தில் கேட்பது வெறும் பெயர்ப்பலகை ஆசை அல்ல. என் கடிதத்துக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார்கள்.

மஹியாவையிலிருந்து ஒரு தாய்: கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய பதிவுத் தபால் "ஒப்படைக்கப்பட்டது" என்று இணையத்தில் காட்டுகிறதாம். எனக்குக் கிடைக்கவில்லை. யாரிடம் கேட்பது?

முதலில் மகனிடம் அந்த இலக்கத்தை வாங்குங்கள் அம்மா. ஆங்கில 'ஆர்' எழுத்தில் ஆரம்பித்து, இன்னோர் எழுத்து, பிறகு 9 இலக்கங்கள், கடைசியில் கனடாவின் 'சி.ஏ.' என்று இருக்கும். ஒன்பதாவது இலக்கம், முன்னால் உள்ள எட்டும் சரிதானா என்று பார்க்கும் காவல்காரன். இலக்கத்துக்குக் காவல் போட்ட உலகத் தபால் ஒன்றியம் கையெழுத்துக்குக் காவல் போட மறந்துவிட்டது. அந்த இலக்கத்தை எடுத்துக்கொண்டு உங்கள் தபாலகத்துக்குப் போய், ஒப்படைத்த ஏட்டைக் காட்டச் சொல்லுங்கள். அங்கேயும் சரிவராவிட்டால் மகன் கனடாவில் விசாரணை கேட்கவேண்டும். அனுப்பியவர் கேட்பதுதான் வழக்கம். ஆறு மாதம் தாண்ட விடாதீர்கள்.

பேராதனையிலிருந்து ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்: ஏட்டைக் காட்டமாட்டோம் என்றால்?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்கவேண்டும். விண்ணப்பத்தை நேரில் கொடுத்துக் கையொப்பம் வாங்கிவையுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

புசல்லாவையிலிருந்து ஒரு வாசகர்: ஏட்டில் என் பெயருக்கு நேரே உள்ள கையெழுத்து சிங்களத்தில் இருக்கிறது. நான் தமிழில்தான் போடுவேன். இது இனப்பிரச்சினையா?

இல்லை, அதிர்ஷ்டம். இதைவிட நல்ல சாட்சி யாருக்குக் கிடைக்கும்? தமிழ் தெரிந்த தபால்காரராக இருந்திருந்தால் நீங்கள் மாட்டியிருப்பீர்கள்.

கம்பளையிலிருந்து ஓர் இளைஞர்: வெளிநாடுகளில் தபால்காரர் போலிக் கையெழுத்துப் போடுவதில்லைதானே?

அங்கே அதை விதியாக்கியே போட்டார்கள் தம்பி. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, பிரித்தானியாவின் ரோயல் மெயில் தன் கைக்கருவியை யார் கையிலும் கொடுக்கவேண்டாம் என்றது. தபால்காரர் பெயரைக் கேட்டுத் தானே பதிந்தார். 1961 முதல் கையெழுத்தைக் காட்டிக் காசு வாங்கிய ரெக்கோடட் டெலிவரி, ஒரு கிருமிக்குப் பயந்து கையெழுத்தில்லாமலே நடந்தது. அமெரிக்காவிலும் அதே கதை. அந்த மாதங்களில் நம் தபால்காரர்கள் ஊரடங்குக்குள் கிளினிக் மருந்தை வீடுவீடாகக் கொண்டு போனார்கள். மருந்துப் பையை வாங்கிய எந்த ஆச்சியும் கையெழுத்தைப் பற்றி வழக்குப் பேசியதாக நான் கேள்விப்படவில்லை.

இந்தியா 2025 இல் பதிவுத் தபாலையே ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டது. இனிக் கைபேசிக்கு வரும் இலக்கத்தைச் சொன்னால்தான் கடிதம் என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. நம் மடுல்கலையில் மழைக்காலத்தில் சிக்னல் கிடைக்கும் மூலை எது என்று எனக்கு முதலில் சொல்லுங்கள், பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

தெல்தெனியவிலிருந்து ஒரு கடைக்காரர்: "உங்கள் பொதி தபாலகத்தில் நிற்கிறது, கட்டணம் செலுத்துங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தது. செலுத்தவா?

செலுத்தாதீர்கள். தபால் திணைக்களமே மோசடி என்று எச்சரித்த செய்தி அது. தபால்காரர் உங்கள் கையெழுத்தை மட்டும்தான் எடுத்தார். இவர்களுக்கு வங்கி அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் வேண்டும்.

கண்டியிலிருந்து ஒரு கிண்டல்காரர்: 2025 ஆகஸ்டில் தபால் ஊழியர் ஒரு கிழமை வேலைநிறுத்தம் செய்தார்களே, கைரேகை வைத்து வரவைப் பதியமாட்டோம் என்று. ஊரார் கையெழுத்தைத் தாங்கள் போடலாம், தங்கள் ரேகையைத் தாங்கள் வைக்கக்கூடாதா?

நல்ல அடி, ஆனால் பாதிதான் நியாயம். அவர்கள் வைத்த கோரிக்கைகள் 19. கைரேகையும் மேலதிக நேரக் கொடுப்பனவும் அதில் சத்தமாகக் கேட்டவை. ரேகை இயந்திரம் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் பதியும். இடையில் ஏறிய படிகளைப் பதியாது. அம்பிட்டி அன்பர் வீட்டு 94 படிக்கு எந்த இயந்திரத்தில் விரல் வைப்பது? இருந்தாலும் நீங்கள் எழுப்பிய முரணை நான் மறுக்கவில்லை. 2022 ஆகஸ்டில் சாதாரணக் கடிதத்தின் கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ஆனது. விலை ஏறிய வேகத்தில் சேவையும் படியேறவேண்டும் என்று கேட்க நமக்கு வாயிருக்கிறது.

பன்விலைப் பக்கத்திலிருந்து, பெயர் வேண்டாம் என்று ஒரு தபால்காரர்: ஐயா, இந்தமுறை எல்லோரும் எங்களைத்தான் கேட்டிருப்பார்கள். நான் ஒன்று கேட்கிறேன். ஒரு லயத்து அம்மாவுக்குப் பதிவுத் தபால். மையில் விரல் வைக்க அவருக்கு வெட்கம். பக்கத்தில் பேரப்பிள்ளையின் சிநேகிதர்கள் நின்றார்கள். "நீங்களே போட்டுருங்க தம்பி" என்றார். போட்டேன். தப்பா?

தப்பு. கைநாட்டை வாங்கி, பக்கத்தில் ஒரு சாட்சியை வைத்திருக்கவேண்டும். பையன்களைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லியிருந்தால் அந்த அம்மா விரலை நீட்டியிருப்பார்.

தப்பை எழுதிய நீங்கள் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கு அந்தக் கடிதத்தை யார் வாசித்துக் காட்டினார்? நீங்களாக இருந்தால், அதில் என்ன இருந்தது என்று அடுத்த தபாலில் எழுதுங்கள். சாதாரணத் தபாலே போதும்.