பெயர் மாறும், பகை மாறாது

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் கால்பந்து ரசிகர்கள் இரண்டு கட்சி. மேற்கே லாய்ட்ஷ் பகுதியில் பச்சை வெள்ளைக் கொடி பறக்கும். அது கெமீ கிளப். தென்கிழக்கே புரோப்ஸ்ட்ஹைடாவில் நீலம் மஞ்சள் பறக்கும். அது லோக்கோமோட்டிவ், சுருக்கமாக லோக். டிராமில் ஏறினால் ஒரு பேட்டையிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் தப்பான கலர் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு யாரும் ஏறுவதில்லை. இசைமேதை பாக் தன் கடைசி 27 ஆண்டுகள் வாழ்ந்து இசையமைத்த ஊர் என்பதற்காக, மைதானத்தில் சுருதி சேர்ந்த பாட்டை எதிர்பார்க்கவும் கூடாது.

இந்த ஊருக்குக் கால்பந்துப் பெருமை பழையது. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 1900 ஜனவரி 28 அன்று இங்கேதான் ஓர் உணவகத்தில் தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் சாம்பியனும் லைப்சிக் அணிதான்: 1903இல் பிராக் நகரத்து டிஎஃப்சி அணியை 7-2 என்று வென்ற விஎஃப்பி லைப்சிக். அந்தப் பிராக் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்த கதை தனி. அரையிறுதியில் அதனுடன் மோத வேண்டிய கார்ல்ஸ்ரூஹே அணிக்கு, ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டதாக ஒரு தந்தி வந்தது. அவர்கள் நிம்மதியாக வீட்டில் இருந்துவிட்டார்கள். தந்தி போலி. பிராக் அணி பந்தைத் தொடாமலே இறுதிக்குப் போய், அங்கே ஏழு கோல் வாங்கிக்கொண்டு திரும்பியது. விஎஃப்பியின் வாரிசு தாங்களே என்று லோக் ரசிகர்கள் பட்டா காட்டுவார்கள். 1903இல் நடந்ததற்கு இப்போது எதற்குப் பெருமை என்று கேட்பார்கள் கெமீக்காரர்கள். அவர்கள் பெருமைப்படுவது 1964க்கு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழைய கிளப்புகள் எல்லாம் கலைக்கப்பட்டன. கிழக்கு ஜெர்மனி அரசு விளையாட்டைத் தொழிற்சாலைகளோடும் துறைகளோடும் சேர்த்துக் கட்டியது. அணிகளின் பெயரைப் பார்த்தால் தொழில்துறை டைரக்டரி மாதிரி இருக்கும்: கெமீ ரசாயனத்துக்கு, லோக்கோமோட்டிவ் ரயில்வேக்கு, ரொட்டாட்சியோன் அச்சுத் தொழிலுக்கு, டுர்பினே மின்சாரத்துக்கு. கெமீ 1951இல் நாட்டின் சாம்பியன் ஆனது. நன்றாகப் போகிற வண்டியை நிறுத்திப் பழுது பார்ப்பது அதிகாரிகளின் வழக்கம். 1954இல் அணியைக் கலைத்து, ஆட்டக்காரர்களை எஸ்ஸி லோக்கோமோட்டிவ் என்ற புது அணிக்கு மாற்றினார்கள். அதனால் இன்று லோக் என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் லாய்ட்ஷ் பேட்டை, அன்றைக்கு அதே பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியது. 1956 செப்டம்பரில், புதிதாகத் திறந்த மத்திய மைதானத்தில், அந்த அணியும் உள்ளூர் எதிரியான ரொட்டாட்சியோனும் மோதியபோது பார்க்க வந்தவர்கள் ஒரு லட்சம் பேர். ஜெர்மன் லீக் ஆட்டம் ஒன்றுக்கு அதைவிடப் பெரிய கூட்டம் இன்றுவரை வந்ததில்லை.

1963இல் அதிகாரிகளுக்கு மறுபடி கை அரித்தது. ஊரில் இருந்த இரண்டு பெரிய அணிகளையும் ஒன்றாகக் கொட்டிச் சலித்தார்கள். தேறும் என்று தோன்றிய ஆட்டக்காரர்கள் எஸ்ஸி லைப்சிக் என்ற செல்லப்பிள்ளை அணிக்குப் போனார்கள். தேறாது என்று கழிக்கப்பட்டவர்களை, தூசி தட்டி எடுத்த கெமீ என்ற பழைய பெயரில் லாய்ட்ஷுக்கு அனுப்பினார்கள். ஊரே அவர்களை ‘லைப்சிக்கின் மிச்சம்’ என்று அழைத்தது. சந்தை முடிகிற நேரத்தில் தரையில் கிடக்கும் கத்தரிக்காய்க்கு என்ன மதிப்போ, அதுதான் அந்த அணிக்கும். பயிற்சியாளர் ஆல்ஃபிரட் குன்ட்ஸேவிடம் ஒப்படைக்கப்பட்ட சரக்கு அவ்வளவே.

குன்ட்ஸே அந்த மிச்சத்தை வைத்தே விருந்து சமைத்தார். கழிக்கப்பட்டவர்கள் கழித்தவர்களுக்குக் காட்ட வேண்டிய கணக்கு ஒன்று இருந்ததால், அணிக்கு உற்சாக உரை எதுவும் தேவைப்பட்டிருக்காது. கோல் அடிப்பதில் பெயர் பெற்ற பெர்ன்ட் பௌக்ஷ்பீஸ் இந்த அணியில்தான் ஆடினார். பின்னாளில் எலும்பு மருத்துவராகத் தொழில் செய்தவர். 1964 மே 10 அன்று எர்ஃபுர்ட் நகரில் 2-0 என்று வென்று கெமீ நாட்டின் சாம்பியன் ஆனது. பொறுக்கி எடுத்த எஸ்ஸி லைப்சிக் மூன்றாம் இடம். தேர்வுக்குழு என்ற அமைப்பின் மீது உலகம் முழுவதும் ரசிகர்களுக்கு உள்ள சந்தேகத்துக்கு இதைவிடச் சுத்தமான சாட்சி கிடையாது. லாய்ட்ஷ் மைதானத்துக்கு இப்போது குன்ட்ஸேவின் பெயர்.

செல்லப்பிள்ளை அணியின் கால்பந்துப் பிரிவு 1966இல் தனியாகப் பிரிந்து, இன்று நாம் அறியும் லோக் ஆனது. அதே ஆண்டு கெமீ நாட்டுக் கோப்பையையும் தட்டிச் சென்றது. பிறகு அதிகாரிகளின் தயவு இல்லாத அணிக்கு என்ன நடக்குமோ அது நடந்தது: கெமீ மேல் லீக்குக்கும் கீழ் லீக்குக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. லோக் நாட்டுக் கோப்பையை நான்கு முறை வென்றது, ஐரோப்பா முழுவதும் சுற்றியது. ஆனால் லீக் சாம்பியன் பட்டம் மட்டும் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. கெமீக்காரர்கள் இதை ஞாபகப்படுத்தாத நாள் இல்லை.

இந்த விஷயத்தில் லோக் ரசிகர்களுக்கும் ஒரு நியாயமான புலம்பல் உண்டு. அந்தக் காலத்தில் தலைநகரின் பிஎஃப்சி டைனமோ அணியை ரகசியப் போலீசின் தலைவர் எரிக் மில்கே ஆதரித்தார். அது 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்து முறை சாம்பியன். 1986 மார்ச்சில் லைப்சிக்கில் லோக் 1-0 என முன்னிலையில் இருந்தது. தொண்ணூறு நிமிடம் தாண்டியும் நடுவர் ஊதவில்லை. டைனமோவுக்கு ஒரு பெனால்டி கொடுத்த பிறகுதான் அவருக்குக் கடிகாரம் ஞாபகம் வந்தது. ‘லைப்சிக்கின் வெட்கக்கேடான பெனால்டி’ என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது.

மறு ஆண்டு ஒரு பெனால்டி அந்தக் காயத்துக்கு மருந்து போட்டது. 1987 ஏப்ரல், கோப்பை வென்றோர் கோப்பையின் அரையிறுதி, எதிரே பிரான்சின் போர்தோ. மைதானத்தில் அதிகாரப்பூர்வக் கணக்குப்படி 73,000 பேர். வந்திருந்தவர்களைக் கேட்டால் லட்சத்துக்கு மேல் என்பார்கள். இரண்டு ஆட்டமும் சேர்ந்து சமனில் முடிய, பெனால்டி வரிசை தொடங்கியது. கோல்கீப்பர் ரெனே முல்லர் இரண்டைத் தடுத்தார். கடைசியில் அவரே பந்தை வைத்து அடித்து, உள்ளே தள்ளி, ஓடினார். இறுதி ஆட்டம் ஏதென்ஸில். அயாக்ஸின் வான் பாஸ்டன் போட்ட ஒரே கோலில் லோக் தோற்றது.

1989இல் பெர்லின் சுவர் விழுந்ததும் பெயர்ப்பலகை எழுதுபவர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. கெமீ பக்கத்து ஊர் அணியோடு சேர்ந்து சாக்ஸன் லைப்சிக் ஆனது. லோக் பழைய விஎஃப்பி பெயரைச் சூட்டிக்கொண்டு 1993இல் முதல் நிலை லீக்கான பூண்டஸ்லீகாவுக்கே ஏறி, ஒரே ஆண்டில் கடைசி இடத்தோடு இறங்கியது. அரசு அழிக்க முடியாததைக் கடன் அழித்தது: விஎஃப்பி 2004இல் திவால், சாக்ஸன் 2011இல் மூடல். இதற்குள் ரசிகர்கள் முந்திக்கொண்டார்கள். கெமீ பெயரைக் காப்பாற்ற 1997இலேயே ஒரு சங்கத்தைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். லோக்கை 2003 இறுதியில் மறுபடி தொடங்கினார்கள். இரண்டும் லீக் ஏணியின் கடைசிப் படியிலிருந்து ஏற வேண்டியிருந்தது. 2004 அக்டோபரில், பதினோராம் நிலை லீக்கில், ஒரு கிராமத்து அணியின் இரண்டாம் குழுவோடு லோக் ஆடியதைப் பார்க்க 12,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

அதே காலத்தில் ஓர் ஆஸ்திரிய பானக் கம்பெனி பணப்பெட்டியோடு ஊருக்குள் நுழைந்தது. முதலில் சாக்ஸன் லைப்சிக்கை விலை பேசியது, படியவில்லை. 2009இல் பக்கத்து ஊரான மார்க்ரான்ஷ்டெட் அணியின் லீக் இடத்தை வாங்கி ஆர்பி லைப்சிக்கைத் தொடங்கியது. ஏழே ஆண்டில் பூண்டஸ்லீகா. 2022, 2023 இரண்டிலும் ஜெர்மன் கோப்பை. கெமீக்காரரும் லோக்காரரும் ஒத்த கருத்தோடு தலையாட்டும் ஒரே விஷயம் இந்த அணிமீது உள்ள வெறுப்புதான். ஆனாலும் அதைக் கொஞ்சம் குறைவாகவே வெறுக்கிறார்கள். முழு வெறுப்பைப் பழைய எதிரிக்கு எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பகையில் சிரிக்க முடியாத பக்கமும் உண்டு. கெமீயின் கேலரி இடதுசாரி என்று பெயர் எடுத்தது; லோக் கேலரியின் ஒரு பகுதியில் தீவிர வலதுசாரிகள் நெடுங்காலம் வேர்விட்டிருந்தார்கள். 2007 பிப்ரவரியில் லோக் ஆட்டம் ஒன்றுக்குப் பின் நூற்றுக்கணக்கானோர் போலீசைத் தாக்க, அடுத்த வார இறுதியில் சாக்ஸனி மாநிலச் சங்கத்தின் லீக் ஆட்டங்கள் ரத்தாயின. இந்த இரு அணிகள் மோதும் நாளில் ரசிகர்களைத் தனித்தனி வழியில் அழைத்துப் போகிறது போலீஸ். கல்கத்தாவின் கால்பந்தில் மோகன் பகான் வென்றால் இறால், ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீன் என்று பகை சமையலறை வழியாக இறங்கிவிடும். லைப்சிக்கில் இரண்டு கட்சிக்கும் ஒரே பீர், ஒரே சாசேஜ். வேறு வழியே இல்லை.

விசுவாசத்தின் உச்சம் 2020இல் வந்தது. கொரோனாவில் மைதானம் மூடப்பட, லோக் ‘கண்ணுக்குத் தெரியாத எதிரி’யோடு ஓர் ஆட்டம் அறிவித்து, டிக்கெட் ஒரு யூரோ என்று விற்றது. எதிரணி இல்லை, பந்து இல்லை, கோல் இல்லை. விற்ற டிக்கெட் 1,80,000க்கும் மேல்.

இப்போது இரு அணிகளும் நான்காம் நிலையான வடகிழக்கு மண்டல லீக்கில் இருக்கின்றன. அந்த லீக்கில் முதலிடம் பிடித்தாலும் எல்லா ஆண்டும் நேரடி உயர்வு கிடைக்காது; சில ஆண்டுகளில் வேறு மண்டல சாம்பியனோடு தகுதி ஆட்டம் ஆடியாக வேண்டும். லோக் 2020இல் முதலிடம் வந்து ஃபெர்ல் அணியிடம் வாய்ப்பை இழந்தது. 2025இலும் முதலிடம் வந்து ஹாவெல்ஸே அணியிடம் இழந்தது. கெமீ இந்த லீக்கை ஒருமுறையும் வென்றதில்லை. ஆனால் அந்த இரண்டு தகுதி ஆட்டங்களுக்குப் பின் லாய்ட்ஷில் இருந்த சந்தோஷத்துக்கு, சாம்பியன் பட்டம் கிடைத்திருந்தாலும் பெரிதாக எதுவும் கூடியிருக்காது.